மனநல வார்டில் ஆள் குறைந்தார்கள் என்றால் சேர்க்கையும் குறைந்ததா?

பழைய_பேரேடு

ஓய்வு பெற்றபின் ஒரு பழைய மனநல மருத்துவமனையின் சேர்க்கைப் பேரேடுகளைக் கணினியில் ஏற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். சம்பளம் கிடையாது, தன்னார்வம்தான். பெயர்களை ஏற்றுவதில்லை. ஆளுக்கு ஓர் எண், ஒரு வரி. சேர்ந்த நாள், வயது, தொழில், ‘நோய்க்குக் காரணம் எனக் கருதப்படுவது’, கடைசியில் வெளியேறிய நாளும் நிலையும். அந்தக் கடைசிக் கட்டத்தில் நான்கு சொற்கள்தான் மாறி மாறி வரும்: குணமானார், தேறினார், தேறவில்லை, இறந்தார்.

போன வாரம் ஒரு வரியில் கை நின்றுவிட்டது. சேர்ந்த நாள் கறுப்பு மையில், சாய்ந்த கையெழுத்தில் இருக்கிறது. அதே வரியின் கடைசிக் கட்டத்தில் ‘இறந்தார்’ என்று நீல மையில், வேறொருவரின் உருண்டை எழுத்தில். இரண்டு தேதிக்கும் நடுவே 41 வருடம். முதல் தேதியை எழுதிய எழுத்தர் அதற்குள் வேலையிலிருந்தே போயிருப்பார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் மாநில மனநோய் மருத்துவமனைகளில் 1955-ல் சுமார் 5,59,000 பேர் இருந்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து 1954-ல் ஏறக்குறைய 1,50,000. அதற்குப் பிறகு இரண்டு இடத்திலும் சரிவுதான். இதைப் பலரும் ‘மனநல மருத்துவமனைச் சேர்க்கை குறைந்துவிட்டது’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது இடிக்கிறது. என் கையிலுள்ள பேரேட்டில் ஒரு மாதத்துக்கு ஐந்தாறு வரிதான் இருக்கிறது. இன்றைய வார்டில் அது இரண்டு நாள் கணக்கு அல்லவா?

புள்ளிக்காரன்

சரியான இடத்தில் கை வைத்தீர்கள் ஐயா. அணை நிலவரச் செய்தியில் இருப்பு வேறு, வரத்து வேறு என்று தனித்தனியாகப் போடுவார்கள். நீங்கள் சொன்ன 5,59,000 என்பது இருப்பு, அதாவது ஒரு குறிப்பிட்ட நாளில் உள்ளே இருந்தவர்கள். சேர்க்கை என்பது வரத்து. இருப்பு இறங்கும்போதே வரத்து ஏறலாம், வெளியே போகும் வேகமும் கூடியிருந்தால் போதும்.

நடந்ததும் அதுதான். அதே அமெரிக்க மாநில மருத்துவமனைகளில் 1955-க்கும் 1970-களின் தொடக்கத்துக்கும் இடையே உள்ளே இருப்பவர் தொகை மளமளவென்று சரிந்தது. அதே காலத்தில் ஆண்டுச் சேர்க்கை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது.

இன்னும் துல்லியமான உதாரணம் வட வேல்ஸில் இருக்கிறது. டென்பி என்ற ஊரில் 1848-ல் திறந்து 1995-ல் மூடிய மனநலக் காப்பகம் ஒன்று உண்டு. மனநல மருத்துவர் டேவிட் ஹீலி குழுவினர் அதன் பழைய ஆவணங்களை எடுத்து 1896-ஐயும் 1996-ஐயும் ஒப்பிட்டார்கள். அந்த வட்டாரத்தின் மக்கள்தொகை நூறு ஆண்டில் அதிகம் மாறவில்லை, சுற்றிலும் வேறு பெரிய மருத்துவமனையும் கிடையாது. அதனால் இப்படி ஒப்பிட அருமையான இடம். கண்டது என்ன தெரியுமா? சேர்க்கை விகிதம் 15 மடங்கு கூடியிருக்கிறது. விருப்பத்துக்கு மாறாகப் பிடித்து வைப்பதும் 3 மடங்கு கூடியிருக்கிறது. காப்பகத்தைப் பூட்டிய பிறகு, ‘சமூக சிகிச்சை’ என்று சொல்லிக்கொண்ட காலத்தில்!

இரவுப்பணி

நான் தீவிர மனநல வார்டில் நர்ஸ், பன்னிரண்டு வருடமாக. புள்ளிக்காரர் சொல்லும் 15 மடங்கு எனக்கு ஆச்சரியமே தரவில்லை.

எங்கள் போர்டில் ஒரு படுக்கைக்கு இரண்டு பெயர் எழுதியிருப்போம். மேலே இன்று போகிறவர், அதற்குக் கீழே பென்சிலில் வரப்போகிறவர். மேலே உள்ளவர் தேறிவிட்டாரா என்பதைவிட, கீழே உள்ளவர் எங்கே காத்திருக்கிறார் என்பதுதான் காலைக் கூட்டத்தில் முதல் பேச்சு.

போன மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒருவரை அழைத்து வந்தார்கள். பையைச் சோதித்துப் பட்டியல் போட்டேன். போன் சார்ஜர் வயர், பெல்ட், ஷூ லேஸ், ஸ்வெட்டர் கழுத்துக் கயிறு. எல்லாவற்றையும் உறையில் போட்டு, எண் எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் கையெழுத்துப் போட்டபடியே, “சிஸ்டர், போன தடவை ஜன்னலோரம் தந்தீங்க, அது காலியா?” என்று கேட்டார். போன தடவை என்றால் ஐந்து வாரம் முன்பு. லேஸை உருவிக் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே உட்கார்ந்து உருவ ஆரம்பித்துவிட்டார்.

பேரேடு ஐயா, உங்கள் 41 வருடத்துக்காரர் ஒரு சேர்க்கை. என்னுடையவர் இந்த வருடம் மட்டும் நான்கு.

குளிகை

இதில் இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? குளோர்புரோமசின் என்ற மனநோய் மருந்துதான்! 1950 டிசம்பரில் ரோன்-பூலாங்க் நிறுவனத்தில் பால் ஷார்பாந்தியே அதைத் தயாரித்தார். 1952-ல் பாரிஸின் சாந்த்-ஆன் மருத்துவமனையில் டெலேயும் டெனிக்கரும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1954-ல் அமெரிக்காவில் அனுமதி. 1955-ல் உச்சம் தொட்ட எண்ணிக்கை அதற்கப்புறம் இறங்குமுகம். மருந்து வந்தது, கதவு திறந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்?

பழைய_பேரேடு

@குளிகை, மருந்து இல்லாமல் இது நடந்திருக்காது என்பதை மறுக்கவில்லை. ஆனால் மருந்து மட்டும் காரணம் என்றால் எல்லா நாட்டிலும் ஒரே சமயத்தில் இறங்கியிருக்க வேண்டும். ஜப்பானைப் பாருங்கள். அங்கேயும் இதே மருந்துதான். ஆனால் மனநலப் படுக்கைகள் 1960-களில் ஏறத் தொடங்கி 1990-கள் வரை ஏறிக்கொண்டே போயின. பெரும்பாலும் தனியார் மருத்துவமனைகள், படுக்கை நிறைந்திருந்தால்தான் வருமானம். இன்றும் அங்கே 3 லட்சத்துக்கு மேல் மனநலப் படுக்கைகள் உண்டு, சராசரித் தங்கல் 200 நாளைத் தாண்டும். மற்ற பணக்கார நாடுகளில் வாரக்கணக்கில் பேசும்போது அங்கே மாதக்கணக்கு.

அமெரிக்காவிலேயே பாருங்கள். 1955-லிருந்து 1965 வரை மெல்லத்தான் இறங்கியது, அப்போதும் சுமார் 4,75,000 பேர் உள்ளே. அடுத்த பத்து வருடத்தில், 1975-ல், 2 லட்சத்துக்கும் கீழே! மருந்து வந்து பத்து வருடம் கழித்து ஏன் திடீரென்று வேகம்? 1965-ல் மெடிக்கேர் (முதியோருக்கு), மெடிக்கெய்ட் (ஏழைகளுக்கு) என்ற அரசு மருத்துவக் காப்பீடுகள் வந்தன. மனநோய் மருத்துவமனையில் இருந்தால் பெரும்பாலும் மெடிக்கெய்ட் பணம் வராது, நர்சிங் ஹோமிலோ பொது மருத்துவமனையிலோ இருந்தால் வரும் என்று ஏற்பாடு. தன் செலவில் காப்பகம் நடத்திக்கொண்டிருந்த மாநில அரசு என்ன செய்யும்? மறதிநோய் வந்த கிழவர் கிழவிகளை முதலில் வண்டியேற்றியது. அவர்கள் குணமாகவில்லை, கட்டடம்தான் மாறினார்கள்.

குளிகை

நர்சிங் ஹோம் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். ஜப்பானுக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இளம் வயதில் மனச்சிதைவு வந்தவர் 30 வருடம் உள்ளேயே கிடக்காமல் மூன்று வாரத்தில் வீடு திரும்புவது மருந்தால்தான். அதை விட்டுத் தர மாட்டேன்.

இரவுப்பணி

விட்டுத் தர வேண்டாம். பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், உண்மைதான்.

சும்மா_படிப்பவன்

தொடர்கிறேன். ஒரு சந்தேகம்: அந்தக் காலத்தில் உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் இன்று நாம் மனநோய் என்று சொல்லும் நோய் உள்ளவர்கள்தானா?

பழைய_பேரேடு

நல்ல கேள்வி. இல்லவே இல்லை. என் பேரேட்டில் ‘காரணம்’ கட்டத்தில் வலிப்பு என்று வந்துகொண்டே இருக்கும். அடுத்ததாகப் ‘பொதுப் பக்கவாதம்’, அதாவது சிபிலிஸ் மூளைக்குப் போனது. நடுவயது ஆண்கள், பெரிய பெரிய திட்டம் பேசிக்கொண்டு வருவார்கள், மூன்று நான்கு வருடத்தில் அந்த நீல மைச் சொல். 1913-ல் நொகுச்சியும் மூரும் அவர்களின் மூளையில் கிருமியையே காட்டினார்கள். 1917-ல் வாக்னர்-யாவுரெக் மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்கிச் சிகிச்சை செய்தார், அதற்கு 1927-ல் நோபல் பரிசும் கிடைத்தது. 1940-களில் பெனிசிலின் வந்ததும் அந்த வகைச் சேர்க்கையே ஏறக்குறைய மறைந்துபோயிற்று.

பெல்லக்ராவும் அப்படித்தான். அமெரிக்கத் தென்மாநிலக் காப்பகங்களில் தோல் உரிந்து, வயிறு போய், புத்தி பேதலித்து வந்து சேர்ந்தவர்கள் ஏராளம். தொற்றுநோய் என்றே பலர் நினைத்தார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர்தான் 1914 முதல் காப்பகம் காப்பகமாக ஏறி இறங்கி, நோயாளிகளுக்கு வந்தது பணியாளர்களுக்கு வரவில்லை என்று கவனித்து, குறை சாப்பாட்டில் இருக்கிறது என்று காட்டினார். 1937-ல் நியாசின் என்ற வைட்டமின் குறைவுதான் காரணம் என்று பிடிபட்டது. ஒரு வைட்டமின் கொடுத்து ஒரு வார்டையே காலி செய்தார்கள். மனநல மருத்துவத்தின் பெரிய வெற்றிகள் சில, வெற்றி கிடைத்த நொடியே வேறு துறைக்குப் போய்விட்டன. அதனால் நம் கணக்கில் தெரிவதில்லை. (எனக்கு இதில் ஒரு சின்ன ஆதங்கம் உண்டு.)

புள்ளிக்காரன்

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நோயின் பெயர் மாறினாலே வரைபடம் குதிக்கும். 1960-களில் நியூயார்க் மருத்துவமனைகளில் சேர்ந்தவர்களில் மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்கள் லண்டனைவிட மிக அதிகம். அமெரிக்கர்களுக்கு அந்த நோய் அதிகமோ என்று இரண்டு ஊரிலும் ஒரே குழு, ஒரே கேள்விகளோடு போய்ப் பார்த்தது. வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துபோயிற்று. நியூயார்க் டாக்டர்கள் அந்தப் பெயரை அகலமாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். லண்டனில் பித்து, மனச்சோர்வு என்று எழுதியதெல்லாம் அங்கே மனச்சிதைவு. 1980-ல் அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூலின் (DSM) மூன்றாம் பதிப்பு வந்து வரையறையை இறுக்கியதும் விகிதம் மாறியது. நோயாளி மாறவில்லை, படிவம் மாறியது.

டென்மார்க்கில் நாடு முழுதுக்கும் மனநலப் பதிவேடு 1969 முதல் கணினியில் இருக்கிறது. ஆராய்ச்சியாளர்களுக்குத் தங்கச் சுரங்கம். ஆனால் 1994-ல் நோய்க்குறியீட்டு முறை மாறியது, 1995-ல் புறநோயாளிகளையும் சேர்த்தார்கள். அந்த இரண்டு வருடத்தை மறந்துவிட்டுக் கோடு போட்டால் திடீரென்று ஊரில் நோய் பெருகிவிட்டதுபோல் தெரியும்.

நாலும்_தெரிந்தவர்

எல்லோரும் சுற்றி வளைக்கிறீர்கள். காப்பகத்தை மூடினார்கள், அங்கிருந்தவர்கள் சிறைக்குப் போனார்கள். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லயனல் பென்ரோஸ் 1939-லேயே சொல்லிவிட்டார்: ஐரோப்பிய நாடுகளில் மனநலப் படுக்கை அதிகமானால் சிறையில் ஆள் குறைவு, படுக்கை குறைந்தால் சிறையில் ஆள் அதிகம். முடிந்தது கதை.

புள்ளிக்காரன்

கதை முடியவில்லை நண்பரே. பென்ரோஸ் அப்படி ஒரு தொடர்பைக் காட்டியது உண்மை. ஆனால் அது நாடுகளுக்கு இடையிலான ஒப்பீடு, ஆள் ஆளாகப் பின்தொடர்ந்தது அல்ல. காப்பகத்திலிருந்து 1960, 70-களில் வெளியேறியவர்களில் பெரும் பங்கு முதியவர்கள், பெண்களும் நிறைய. சிறையில் பெருகியவர்கள் இளம் ஆண்கள். 70 வயதுப் பாட்டி கட்டிலிலிருந்து இறங்கிப் போய் 25 வயது இளைஞனாகச் சிறைக்குள் நுழைய முடியாது. பழைய ஆட்கள் சிறைக்குப் போகவில்லை, பழைய காலமாக இருந்தால் உள்ளே வந்திருக்கக்கூடிய புதிய ஆட்கள் சிலர் போகிறார்கள் என்று சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம்.

உங்கள் பக்கத்துக்கு உதவும் செய்தி ஒன்று தருகிறேன். 1990-க்கும் 2002-க்கும் இடையே இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, ஸ்பெயின், ஸ்வீடன் ஆகிய ஆறு நாடுகளை ஸ்டெஃபான் ப்ரீபே குழு எடுத்துப் பார்த்தது. பொதுவான மனநலப் படுக்கைகள் ஐந்து நாடுகளில் குறைந்தன. ஆனால் குற்றம் தொடர்பான மனநலப் படுக்கைகளும் மேற்பார்வையோடு கூடிய விடுதி இடங்களும் கூடின. ஒரு வகை நிறுவனத்தை மூடி இன்னொரு வகையைத் திறந்துகொண்டிருக்கிறோமோ என்பதுதான் அவர்களின் கேள்வி.

நாலும்_தெரிந்தவர்

பாட்டி உதாரணத்துக்குச் சிரித்துவிட்டேன். சரி, என் வாக்கியத்தை ‘ஒரு பகுதி’ என்று திருத்திக்கொள்கிறேன்.

அக்கா_ஒருத்தி

எல்லோருக்கும் வணக்கம். இந்தக் குழுவில் வாசிப்பேன், எழுதியதில்லை. என் தம்பிக்கு ஆறு வருடத்தில் பதினொரு சேர்க்கை. அதனால் எழுதுகிறேன்.

ஒரு நீல நிறக் கோப்பு வைத்திருக்கிறேன். பதினொரு டிஸ்சார்ஜ் தாள்கள். முதல் மூன்றுக்குப் பிறகு எல்லாத் தாளும் ஒரே வரியில் தொடங்குகிறது: ‘ஏற்கெனவே அறியப்பட்ட நோயாளி’. யார் அறிந்தது? ஒவ்வொரு முறையும் புது டாக்டர். ஒவ்வொரு முறையும் அவன் ஏழாம் வகுப்பில் யாரோடு சண்டை போட்டான் என்பதிலிருந்து நான் சொல்லியாக வேண்டும். கடைசித் தடவை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்த டாக்டர் வாங்கிப் படித்துவிட்டு, “இதை நகல் எடுத்துக்கலாமா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முதல் தடவை 34 நாள் இருந்தான். கடைசித் தடவை 8 நாள். எட்டாம் நாள் அவன் தூங்கத்தான் தொடங்கியிருந்தான், தேறியிருக்கவில்லை. இரண்டு வார மாத்திரையும் அடுத்த சந்திப்புத் தேதியும் தந்தார்கள். சந்திப்பு ஐந்து வாரம் கழித்து. நடுவில் மூன்று வாரத்துக்கு மாத்திரை எங்கே என்று நான் கேட்டபோதுதான் அந்த இடைவெளியே அவர்களுக்குத் தெரிந்தது. இடத்தின் பெயர் வேண்டாம், அங்கிருந்த நர்ஸுகள் நல்லவர்கள்.

என் கேள்வி இதுதான்: உங்கள் கணக்கில் என் தம்பி பதினொரு பேரா, ஒருவனா?

புள்ளிக்காரன்

அக்கா, நேர்மையாகச் சொல்கிறேன். பல அட்டவணைகளில் பதினொரு பேர். சேர்க்கையை எண்ணுவது எளிது, ஆளை எண்ண ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒரே அடையாள எண் வேண்டும். ‘சேர்க்கை 20 சதவீதம் கூடியது’ என்று எங்கேயாவது பார்த்தால், புதியவர்கள் வந்தார்களா அல்லது பழையவர்களே அடிக்கடி வந்தார்களா என்று முதலில் கேட்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு.

இரவுப்பணி

@அக்கா_ஒருத்தி, அந்த மூன்று வாரம்தான் எங்களுக்கும் பயம். டிஸ்சார்ஜுக்குப் பிந்திய முதல் வாரங்கள்தான், குறிப்பாக முதல் வாரம், ஒருவரின் உயிருக்கு மிக ஆபத்தான காலம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த விஷயம். இங்கிலாந்தில் அதற்காகவே 72 மணி நேரத்துக்குள் யாராவது அவரைத் தொடர்புகொண்டாக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அடுத்த தடவை (வராமல் போகட்டும்) வெளியே வரும் முன் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: முதல் போன் எந்தத் தேதி, யார் செய்வார், மாத்திரை எந்த நாள் தீரும். அதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னால் ஷிப்ட் மாறியதும் காற்றோடு போய்விடும்.

அக்கா_ஒருத்தி

குறித்துக்கொண்டேன் சிஸ்டர். நன்றி.

சட்டப்புள்ளி

கட்டாயச் சேர்க்கை பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. சட்டங்கள் எல்லாம் அதைக் கடினமாக்கத்தான் வந்தன. கலிஃபோர்னியாவில் 1967 சட்டம் முதல் பிடிப்பை 72 மணி நேரத்தோடு நிறுத்தியது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1975-ல் கென்னத் டொனால்ட்சன் வழக்கு: ஏறக்குறைய 15 வருடம் அடைத்து வைக்கப்பட்டவர். யாருக்கும் ஆபத்தில்லாத, வெளியே சமாளிக்கக்கூடிய ஒருவரைச் சும்மா பிடித்து வைக்கக்கூடாது என்று தீர்ப்பு. இத்தாலியில் 1978-ல் மனநல மருத்துவர் பசாலியாவின் முயற்சியால் வந்த 180-ஆம் சட்டம் காப்பகங்களில் புதிய சேர்க்கையையே தடுத்தது. பதிலாகப் பொது மருத்துவமனையில் 15 படுக்கைக்கு மேல் போகாத சிறு பிரிவுகள்.

அப்படியிருந்தும் இங்கிலாந்தில் 1988 முதல் 2008 வரை மனநலப் படுக்கைகள் 60 சதவீதத்துக்கு மேல் குறைந்தன, கட்டாயச் சேர்க்கை 60 சதவீதத்துக்கு மேல் கூடியது. படுக்கை குறைந்த அடுத்த வருடம் கட்டாயச் சேர்க்கை ஏறுவதாக அந்த ஆய்வில் தெரிந்தது. அங்கே கறுப்பினத்தவர் கட்டாயமாகப் பிடித்து வைக்கப்படும் விகிதம் வெள்ளையரைவிட மூன்று மடங்குக்கும் மேல். அதைப் படுக்கைக் கணக்கால் மட்டும் விளக்கிவிட முடியாது, தனி இழையே போடலாம்.

இரவுப்பணி

படுக்கைக்கும் கட்டாயத்துக்கும் என்ன தொடர்பு என்று வார்டிலிருந்து சொல்கிறேன். “எனக்குச் சரியில்லை, கொஞ்ச நாள் இருந்துக்கவா?” என்று தானாக வருகிறவருக்கு இடம் இல்லை. போய்விட்டு வாருங்கள் என்று அனுப்புகிறோம். இரண்டு வாரம் கழித்து அதே ஆள் நான்கு பேர் பிடித்துக்கொண்டு வர, உத்தரவோடு வருகிறார். அப்போது இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. கேட்டு வந்தால் கிடைக்காது, கட்டி இழுத்து வந்தால் கிடைக்கும்.

குளிகை

வெளியே அனுப்பிவிட்டு, மருந்து எடுத்தாக வேண்டும் என்று உத்தரவு போடும் முறை வந்ததே, அது மறுபடி மறுபடி வந்து சேரும் சுழலை நிறுத்தவில்லையா?

சட்டப்புள்ளி

இங்கிலாந்தில் அதைச் சோதித்தார்கள். டாம் பர்ன்ஸ் குழு, 2013-ல் வெளியான முடிவு. 333 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அந்த உத்தரவு, மறு பாதிக்குக் குறுகிய கால விடுப்பு முறை. ஒரு வருடத்துக்குள் மறுபடி சேர்ந்தவர்கள் இரு பக்கமும் 36 சதவீதம். ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை.

சும்மா_படிப்பவன்

கோவிட் காலத்தில்?

இரவுப்பணி

முதல் சில மாதம் பல நாடுகளில் சேர்க்கை படாரென்று விழுந்தது. நோய் குறையவில்லை, வரப் பயந்தார்கள், படுக்கைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அப்புறம் சாப்பிட மறுக்கும் நோயோடு வளரிளம் பெண்கள் வரிசையாக வந்தார்கள். அந்த வயதுக்காரர்களுக்கு அதற்கு முன் நாங்கள் இவ்வளவு எடைத் தாள் எழுதியதில்லை.

பழைய_பேரேடு

இரண்டு நாளாக வரமுடியவில்லை, மன்னிக்கவும். அக்காவின் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு இன்று பேரேட்டைத் திருப்பினேன். இதுவரை ஒரு வரி ஓர் ஆள் என்றே ஏற்றிக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. 212-ஆம் வரியில் ஒரு பெண், வயது 26, தையல்காரி, காரணம் ‘பிரசவம்’, ஐந்து மாதத்தில் ‘குணமானார்’. 388-ஆம் வரியில் ஒரு பெண், வயது 33, தையல்காரி, காரணம் ‘பிரசவம்’. தேதிக்குத் தேதி ஏழு வருடம். அதே கிராமம்.

புள்ளிக்காரரே, இருவரும் ஒருவர்தான் என்று எப்படி உறுதி செய்வது? பெயரைக் கணினியில் ஏற்ற எனக்கு அனுமதி இல்லை.

புள்ளிக்காரன்

பெயர் வேண்டாம் ஐயா. பேரேட்டைப் பார்த்து நீங்களே மனதில் ஒப்பிட்டுவிட்டு, ‘ஆள் எண்’ என்று புதிய பத்தி ஒன்று போடுங்கள். 212-க்கும் 388-க்கும் ஒரே எண். உறுதியில்லை என்றால் பக்கத்தில் கேள்விக்குறி. இன்னொன்று, சேர்க்கைப் படிவத்தில் ‘இது முதல் தாக்குதலா’ என்று ஒரு கட்டம் இருக்கிறதா பாருங்கள். அந்தக் காலப் படிவங்கள் பலவற்றில் இருக்கும்.

பழைய_பேரேடு

இருக்கிறது! 388-ல் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. 1-ஆம் வரியிலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன்.